நனையாத தூண்டில்

தூண்டில் போடத் தெரியாதவர்களுக்கும் தூண்டில் எப்படிப் போடுவது என்று தெரியும். ஒரு கழி, கொஞ்சம் நரம்பு, நுனியில் முள், முள்ளில் மண்புழு, மேலே மிதக்க ஒரு தக்கை. தக்கை முழுகினால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஊர்க்கதை.

ஆனால், இன்னொரு தூண்டில் இருக்கிறது. அதில் புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக் குண்டு கிடையாது. கோழி இறகையும் பட்டு நூலையும் முயல் ரோமத்தையும் முள்ளில் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி, அதுதான் இரை. ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள்.

இதில் முதல் சிக்கலே பூச்சிக்கு எடை இல்லை என்பதுதான். ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து, பலம் கொண்ட மட்டும் வீசிப் பாருங்கள். உங்கள் காலடியிலேயே விழும். அப்படியானால் ஐம்பதடி தள்ளி இருக்கும் மீனுக்கு அதை எப்படி அனுப்புவது? அதற்காகக் கயிற்றையே கனமாகச் செய்துவிட்டார்கள். கோலைப் பின்னால் வீச வேண்டும். கயிறு முதுகுக்குப் பின்னால் முழுக்க நீளும் வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். பிறகு முன்னால். கயிறு சாட்டை மாதிரி சுருள் பிரிந்து பறக்கும், பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய் தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் வித்தை. அவசரப்பட்டால் முள் நம் காதில் மாட்டும்.

கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியா ஆற்றுக்காரர்கள் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. இந்த வித்தை அதிகம் குறி வைப்பது ட்ரவுட் என்ற மீனை. குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த தண்ணீரில் மட்டும் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திணறல். கோடையின் தொடக்கம்தான் அதற்குக் கல்யாணச் சாப்பாட்டுக் காலம். ஆற்றடியில் கல்லுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த மேஃப்ளை குஞ்சுகள் மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறக்கும். நம் ஈசலுக்குச் சொந்தமில்லை, ஆனால் தலையெழுத்து அதே. வளர்ந்தபின் சாப்பிட வாயே கிடையாது. ஒரு நாளோ, இரண்டு நாளோ ஆயுசு. அவை எழும்பும் நேரம் ட்ரவுட்டும் எழும்பும். அன்று, அந்த மணிக்கு எந்தப் பூச்சி எழும்புகிறது என்று பார்த்து, அதே மாதிரி பொய்ப் பூச்சியைப் போட வேண்டும். நிறம் தப்பினால் மீன் மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் நான் ஏதோ ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கற்றுக்கொண்டது வல்லம் வடகாலில். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் வல்லம் வடகால்தான். மோட்டார் சைக்கிள் முதல் செல்போன் வரை செய்கிற பக்கம். 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியே திறந்தார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் ரோட்டைக் கடப்பது ஆற்றைக் கடப்பது மாதிரி. நிஜ ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே ஒரு சாயங்காலம் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தண்ணீரே இல்லாத புல்தரையில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் என்னிடம் வந்து, "சார், நல்லாத்தான் இருந்தாப்ல. நைட் ஷிப்ட் ஒத்துக்கல போல" என்றார் கவலையாக.

போய்ப் பேச்சுக் கொடுத்தேன். கயிற்று நுனியில் முள் இல்லை. சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு.

"பிராக்டிஸ் சார். விட்டுட்டா கை மறந்துரும்."

"இங்க எந்த ஆத்துல தம்பி போடப்போறீங்க?"

"எங்கயும் இல்ல சார்" என்று சிரித்தார்.

அவருக்கு ஊர் நீலகிரியில் மஞ்சூர் பக்கம். தாத்தா 1950களில் எஸ்டேட் துரைமார்களுக்கு மீன்பிடிக்கக் கூடை தூக்கிக்கொண்டு போனவர். கூடை தூக்கியவர், பார்த்துப் பார்த்தே பூச்சி கட்டக் கற்றுக்கொண்டார். பேரனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பழைய சிகரெட் டப்பா நிறையப் பூச்சிகள், அதுதான் சொத்து. பூச்சி கட்டிய அந்தக் கண்ணுக்குத்தான் இங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஒரு உதிரி பாக கம்பெனியில் தரப் பரிசோதனை. விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே எட்டு மணி நேரம், தலைமுடி அளவு கீறல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

"ரெண்டும் ஒரே பார்வைதான் சார். கம்பெனியில தப்பு எங்க இருக்குன்னு பாக்கறேன். ஆத்துல உயிர் எங்க இருக்குன்னு பாப்பேன். வித்தியாசம் அவ்ளோதான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி வீசப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வர நேரமாயிற்று.

நீலகிரியில் ட்ரவுட் இருப்பதே ஒரு பிடிவாதத்தின் கதை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் - இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் - இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்று பார்த்தார். சரிப்படவில்லை. காஷ்மீரில் 1900 வாக்கில் காரியம் கைகூடியது. நீலகிரிக்கு ஹெச்.சி.வில்சன் என்ற அதிகாரி வர வேண்டியிருந்தது. 1907ல் ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட்டை விட, வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்காரரான ரெயின்போ ட்ரவுட்டுக்கு நம் மலைத் தண்ணீர் ஒத்துப்போயிற்று. துரைமார் தங்க, காட்டுக்குள் 'ஃபிஷிங் ஹட்' எல்லாம் கட்டினார்கள்.

வந்த மீனுக்குப் பதிலாகப் போன இறகு ஒன்று உண்டு. நம் தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகு சொட்டியது போல் பளபளக்கும் புள்ளிகள். பிரிட்டனில் சால்மன் மீனுக்குக் கட்டும் பூச்சிகளில் அது கண் மாதிரி இருக்கும் என்று உயிரை விட்டார்கள். அவர்கள் எங்கே விட்டார்கள், விட்டது கோழிகள்தான். பெட்டி பெட்டியாக ஏற்றுமதி ஆனது. இன்று அது சட்டம் பாதுகாக்கும் பறவை. தொட்டால் ஜெயில்.

சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா மின் திட்டம் வந்தது. 1960 முதல் ஒவ்வொரு மின்நிலையமாக ஓட ஆரம்பித்தது. ஓடைகள் அணைகளாயின, சுரங்கங்களாயின. முக்குருத்தி 1990ல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடுகளுக்கு நல்லது. தூண்டிலுக்கு அங்கே இடமில்லை.

ஆக, தாத்தா நின்ற தண்ணீரில் பாதி டர்பைனுக்குப் போயிற்று, பாதி வேலிக்கு உள்ளே போயிற்று. பேரன் பிழைக்க வந்த இடத்தில் சாயங்காலம் எரிகிற விளக்கில் அந்த ஓடையும் கொஞ்சம் இருக்கும். மின்சாரத்தின் தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கைகொடுப்பவை நீர்மின் நிலையங்கள்தானே.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அந்த மீன் நம்ம ஊர் மீனே இல்ல சார். அது இருந்தே ஆகணும்னு இல்ல. ஆனா அது இருக்கற மாதிரி தண்ணி இருக்கணும்."

அவர் சொல்வது வெறும் பெருந்தன்மை இல்லை. உலகத்தின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு பட்டியல் வெளியிட்டது. ரெயின்போ ட்ரவுட் அதில் இருக்கிறது. போகிற ஓடையில் அங்கேயே பிறந்து வளர்ந்ததை எல்லாம் தின்று தீர்க்கும் என்பதுதான் குற்றச்சாட்டு. அதே பட்டியலில் நம் ஏரிக் கரையில் கிலோ கணக்கில் விற்கும் ஜிலேபி கெண்டையும் இருக்கிறது. அதற்கு ஆப்பிரிக்காதான் பூர்விகம். இந்தியாவுக்கு வந்தது 1952ல். துரை மீனும் ஏழை மீனும் ஒரே பட்டியலில். ஒரு வித்தியாசம். ட்ரவுட் மலையை விட்டு இறங்காது. ஜிலேபி எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், சாக்கடை கலந்தால்கூட.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்பார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்னும் ஏரிகள் இருக்கின்றன. "அங்க போடலாமே" என்று நான்தான் பிடுங்கி எடுத்தேன். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்பு போனோம். கரையில் ஏற்கெனவே பையன்கள் ரப்பர் தவளையை வீசி விராலுக்குக் காத்திருந்தார்கள். யோசித்தால் அதுவும் இதே வித்தைதான். தண்ணீர் மேல் ஒரு பொய்யை நடக்க விடுவது.

நம்மவர் கோலை வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கால் மணி நேரம் வீசவே இல்லை. ஒரு கல்லைப் புரட்டினார். கையளவு பாசியை அள்ளிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டினார். குட்டி டைனோசர் மாதிரி ஏதோ நெளிந்தது.

"தட்டான் குஞ்சு சார். சிறகு முளைக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் தண்ணியில கெடக்கும்."

ஆழமில்லாத இடத்தில் தட்டு தட்டாகக் குழிகளைக் காட்டினார். ஆண் ஜிலேபி வாயால் தோண்டிய கூடு. பெண் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும் என்றார். இருபது வருஷமாக அந்த ஏரியைத் தாண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். எனக்கு அது 'அடுத்த ஸ்டாப்புக்கு முன்னால் வரும் காலி இடம்'.

கடைசியில் டப்பாவிலிருந்து ஒரு கறுப்புப் பூச்சியை எடுத்துக் கட்டினார். மூன்றாவது வீச்சில் ஜிலேபி ஒன்று மாட்டியது. கையகலம்கூட இல்லை. ஈரக் கையால் பிடித்து, முள்ளை நோகாமல் கழற்றித் தண்ணீரில் விடப் போனார்.

"அண்ணே, விட்றாதீங்க! குழம்புக்கு ஆவும்" என்று ஓடி வந்தான் ஒரு பையன்.

சட்டென்று அவனிடமே கொடுத்துவிட்டார். பிடித்த மீனை விடுவது பெரிய தத்துவம் என்று மேல்நாட்டில் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். பசித்தவன் பக்கத்தில் நிற்கும்போது அந்தத் தத்துவம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்தில் கூர்ந்து பார்க்கும் கண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடுகளவு திருகாணியை, கண்ணுக்குத் தெரியாத பிசிறைப் பார்த்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தக் கவனத்துக்கு மாதச் சம்பளம் உண்டு, டார்கெட் உண்டு, ஓவர்டைம் உண்டு. மிச்சம் இருக்கும் ஒரே ஒரு விடுமுறை நாளில், யாரும் காசு கொடுக்காத ஒன்றை அதே கண்ணால் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? ஏரி என்பது குடிக்கவும் பாய்ச்சவும் மட்டும் இல்லை. நின்று பார்க்கவும்தான். தட்டான் குஞ்சு இருக்கிற வரை அந்தத் தண்ணீருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதை எண்ணிப் பார்க்க ஒரு ஆள் கரையில் நின்றால்தான், அது இல்லாமல் போகும் நாளும் யாருக்காவது தெரியும்.