குறையை நிரப்பும் குறை

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பனையேறுவோர் நுண்ணுயிரியலை ஏட்டில் பயின்றவர் அல்லர். ஆயினும், கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பாளையிலிருந்து வடியும் சாறு பதநீராக நிற்கும்; தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும் என்பதை வழிவழியாக அறிந்துள்ளனர். அச்சாற்றின் சர்க்கரையை உண்டு அதனை ஆல்கஹாலாக மாற்றுவது ஈஸ்ட் என்னும் ஒருசெல் உயிரி. சுண்ணாம்பின் காரத்தன்மை அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. ரொட்டி மாவை உப்பச் செய்வதும் ஈஸ்ட்டே.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிரி, மனித உடலின் நுட்பங்களைக் கற்பிக்கும் ஆசானாகவும் விளங்குகிறது. மனிதச் செல்லில் உள்ளவாறே ஈஸ்ட்டின் செல்லிலும் உட்கரு உண்டு. ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. நாகமலை அடிவாரத்தில் அமைந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கப்பெற்றது. அங்கு உயிர்வேதியியல் பேராசிரியராக விளங்கிய ஜெ. ஜெயராமனும் அவர்தம் மாணவர்களும் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா உருவாகும் முறையை ஆராய்ந்தனர். அவ்வாய்வோடு தொடர்புடைய மற்றொரு வினா உண்டு. ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகும் உயிரி. தாய்ச்செல்லில் உள்ள மைட்டோகாண்ட்ரியா புதிய மொட்டுக்குள் எவ்வாறு சென்று சேர்கிறது?

செல்லுக்குள் ஒரு வடம்

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் அசைந்து வரும் தேரை ஒற்றை நாரால் இழுக்க இயலாது. நார்கள் பல சேர்ந்து முறுக்கேறி வடமானால்தான் தேர் நகரும். செல்லுக்குள்ளும் அத்தகைய வடங்கள் உள்ளன. ஆக்டின் என்னும் புரதத்தின் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. இழைகள் பல சேர்ந்து வடமாகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. தேர்வடம் தேரை இழுத்துச் செல்லும். செல்லின் வடமோ பாதையாக அமைய, மயோசின் என்னும் புரதம் சரக்குகளைச் சுமந்து அதன்மேல் செல்கிறது. ஆக்டின் வடங்கள் சிதைந்தால், மைட்டோகாண்ட்ரியா மொட்டைச் சென்றடைவதும் தடுமாறுகிறது.

1942-இல் அங்கேரி நாட்டு அறிஞர் ஸ்ட்ராப், தசையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அது ஈஸ்ட்டிலும் இருப்பது அறியப்பட்டது. ஈஸ்ட்டின் ஆக்டினையும் மனித ஆக்டினையும் ஒப்பிட்டால் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஒத்திருக்கிறது. மனிதரிடம் ஆக்டினுக்கு ஆறு மரபணுக்கள் உள்ளன. ஈஸ்ட்டிலோ ஒன்றே ஒன்று. ஆகவே, அந்த ஒன்றில் நேரும் பழுதின் விளைவைத் தெளிவாகக் காண முடிகிறது.

ஆக்டின் தனித்து இயங்குவதில்லை. அதனைப் பற்றிக்கொண்டு பணிபுரியும் புரதங்கள் பல. துகள்களை இழையின் நுனிக்குக் கொண்டு சேர்ப்பது புரோஃபிலின். பழைய இழைகளை வெட்டுவது கோஃபிலின். இழைகளைக் கட்டாகப் பிணைப்பது ஃபிம்பிரின். இவற்றுள் எது எவ்விடத்தில் ஆக்டினைப் பற்றுகிறது என்பதை உயிருள்ள செல்லில் அறிவது எப்படி?

குடுமியும் குழியும்

அமெரிக்க மரபியலாளர் டேவிட் பாட்ஸ்டீனும் அவருடன் பணியாற்றியோரும் 1980-களில் இவ்வினாவுக்கு விடை தேடினர். அவர்கள் ஆக்டின் மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கினர். பிழையுற்ற ஈஸ்ட், 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வாழ்ந்தது. 37 பாகையில் வளர இயலாது நின்றது. மதுரையின் கோடைப் பகலில் இயல்பாகக் காணப்படும் அவ்வெப்பம், குறைபட்ட ஆக்டினால் தாங்க முடியாததாயிற்று.

பின்னர் அச்செல்களை வெப்பமான சூழலில் பெருமளவில் வளரவிட்டனர். ஆங்காங்கே சில மட்டும் பிழைத்தன. அவற்றுள் ஆக்டினின் பழைய பிழை நீங்கவில்லை. வேறொரு மரபணுவில் இரண்டாவது பிழை தோன்றியிருந்தது. ஒரு குறையே உயிரைப் பறிக்கும்போது, இரு குறைகள் சேர்ந்து உயிரைக் காத்தது எவ்வாறு?

பழைய வீடுகளின் கதவு, குடுமியில் நின்று சுழல்வது. குடுமி நிலைத்திருக்க வாசற்படியில் குழி உண்டு. குடுமி கோணிப்போனால் அது குழியில் பொருந்தாது, கதவு திரும்பாது. குழியையும் அதற்கேற்பக் கோணலாகச் செதுக்கினால் கதவு மீண்டும் திரும்பும். ஆனால், கோணலான குழியில் நேரான குடுமியை வைத்தால் மறுபடியும் இடர்தான். ஆகவே, ஒன்றன் கோணல் மற்றதன் கோணலால் சரியாகிறது என்றால், அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்று உய்த்துணரலாம்.

அலிசன் ஆடம்ஸும் பாட்ஸ்டீனும் 1989-இல் கண்டதும் இதுவே. ஆக்டினின் பிழையை ஈடுசெய்த மரபணுவுக்கு எஸ்ஏசி-6 என்று பெயரிட்டனர். அதன் பிழை தனித்திருக்கும்போது செல் இடருற்றது. ஆக்டினின் பிழையோடு சேர்ந்தபோது இரண்டும் ஒன்றையொன்று திருத்தின. டேவிட் டுருபின் வேறு வழியில் சென்றவர். ஆக்டின் இழைகளில் ஒட்டும் புரதங்களை ஈஸ்ட்டிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்து வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றே எஸ்ஏசி-6 உருவாக்கும் புரதம் என்பது தெளிவாயிற்று. மரபியலும் உயிர்வேதியியலும் வெவ்வேறு பாதையில் நடந்து ஒரே வாயிலை அடைந்தன. அப்புரதம் ஈஸ்ட்டின் ஃபிம்பிரின் என்பது பின்னர் உறுதியாயிற்று.

சுருக்குப்பையின் கயிறு

பிளவு ஈஸ்ட் என்னும் மற்றோர் இனம் மொட்டு விடுவதில்லை. நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. சுருக்குப்பையின் வாயைக் கயிறு இறுக்குவதுபோல், ஆக்டின் வளையம் ஒன்று செல்லின் இடையை இறுக்குகிறது. அவ்வளையம் அமைய டிரோப்போமயோசின் என்னும் ஆக்டின்பற்றுப் புரதம் இன்றியமையாதது என்பதை, மோகன் பாலசுப்பிரமணியனும் உடன் ஆய்ந்தோரும் 1992-இல் வெளியிட்டனர். அப்புரதம் பழுதுற்ற செல்லில் உட்கரு பிரிகிறது, செல் பிரிவதில்லை. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் ஆய்வுக்குழு ஒன்றை நடத்தி, அவர் இவ்வாய்வைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார்.

மனிதக் குடும்பத்தில்

முதுகுத்தண்டுவடத் தசைச்சிதைவு என்பது குழந்தைகளைத் தாக்கும் கொடிய மரபுநோய். எஸ்எம்என்-1 என்னும் மரபணு இழக்கப்படுவதால், தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் அழிகின்றன. எனினும், சில குடும்பங்களில் வியப்பான நிலை காணப்பட்டது. உடன்பிறந்தோர் அனைவரும் அம்மரபணுவை இழந்திருந்தும் சிலர் நோயுற்றனர். சகோதரியர் சிலர் நலமாக நடமாடினர். செருமனியைச் சேர்ந்த புருன்ஹில்டே விர்த் தலைமையிலான குழு அதற்கான காரணம் ஒன்றை 2008-இல் வெளியிட்டது. நலமாயிருந்த பெண்களின் செல்களில் பிளாஸ்டின்-3 என்னும் புரதம் மிகுந்திருந்தது. பிளாஸ்டின் என்பது மனிதச் செல்லின் ஃபிம்பிரினே.

இங்கு நிகழ்ந்தது, பிழையைப் பிழை திருத்தியதன்று. ஒன்றன் இழப்பை மற்றொன்றின் மிகுதி தாங்கியது. ஆயினும், ஒரு மரபணுவின் குறையை வேறொரு மரபணு ஈடுசெய்யக்கூடும் என்னும் உண்மை, ஈஸ்ட்டிலும் மனிதரிடத்தும் ஒருங்கே விளங்குகிறது. நோயுற்ற மரபணுவை மட்டும் நோக்கியிருந்தால், நோய் வாராதவரைக் காத்தது எது என்னும் வினாவே எழுந்திராது.

ஈஸ்ட்டின் ஆக்டினை ஆராய்ந்தோர் எந்த நோய்க்கும் மருந்து தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஒரு செல் தன் உருவை எவ்வாறு காக்கிறது என அறிய விரும்பினர். 37 பாகையில் மடிந்த செல்களைக் கணக்கிட்டு விட்டுவிடாமல், பிழைத்த சிலவற்றை நோக்கி 'நீ ஏன் பிழைத்தாய்?' என்று வினவினர். கலயத்தில் சுண்ணாம்பு தடவும் பனையேறியின் அறிவும் உற்றுநோக்கலில் பிறந்ததே. அவ்வுற்றுநோக்கலோடு 'ஏன்?' என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளும் மாணவர்க்கு, ஒரு துளி பதநீரும் ஆய்வுக்களமாகும்.