இரண்டாம் பாகம்

ஒரு திரைப்படம் பெரும் வெற்றி பெற்றுவிட்டால், அதன் இரண்டாம் பாகத்துக்கு இரண்டு சொத்துகள் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று, படம் வெளிவருவதற்கு முன்பே காத்திருக்கும் இரசிகர் கூட்டம். மற்றொன்று, அந்தக் கூட்டம் மனத்தில் சுமந்துவரும் எதிர்பார்ப்பு. முதலாவது வரவு, இரண்டாவது கடன். வரவை எல்லாரும் மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்க்கிறார்கள். கடனை எப்படி அடைப்பது என்று சிந்திப்பவர்கள் சிலரே.

அபார ஆற்றல் கொண்ட நாயகர்களின் படங்களில் இந்தக் கடன் இன்னும் கூடுகிறது. முதல் பாகத்தில் பறந்தவன் இரண்டாம் பாகத்தில் அதைவிட உயரமாகப் பறக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘எந்திரன்’ படமும் அதைத் தொடர்ந்து வந்த ‘2.0’ படமும் ஆகும்.

இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்தது. மலேசியர்களாகிய நமக்கு அந்தப் படத்தோடு ஒரு தனி உறவும் உண்டு. ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த அதன் பாடல்களின் வெளியீட்டு விழா அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் புத்ராஜெயாவில்தான் நடந்தது. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் உருவாக்கிய சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் நடித்தார். தொலைபேசிப் புத்தகத்தை நொடியில் மனப்பாடம் செய்த சிட்டி, ஓடும் இரயிலில் சண்டையிட்ட சிட்டி, இறுதிக் காட்சியில் நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் உருமாறிய சிட்டி எனச் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் அவனைப் பற்றியே பேசினர்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெருவும் அப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கடல் கடந்து வணிகம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய பழைய தெரு அது. ஒரு முனையில் பினாங்கு சாலை. இடையில் நாகூர் தர்கா. கூப்பிடு தூரத்தில் குட்டி இந்தியா. அங்கே என் மாமா ஒரு சிறிய தையற்கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடியில் துணி எடுத்து வந்தவர்கள் வரிசையாக நின்று சிட்டியைப் பற்றி வாதம் செய்வார்கள்.

2010 தீபாவளிக்கு முன்னர் ஓர் இளைஞர் அங்கு வந்தார். கையில் நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த சிட்டியின் படம். மறு கையில் ஒரு பருத்தித் துணி. “மாமா, இதே மாதிரி மேல்சட்டை வேணும்” என்றார். மாமா படத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “தம்பி, படத்துல இருக்கிற பளபளப்பு இந்தத் துணியில வராது. தோள்ல அந்த விறைப்பும் நிக்காது. ஆனா உன் உடம்புக்குக் கச்சிதமா உக்காரும். அது போதும்னா அளவு எடுக்கிறேன்.”

இளைஞரின் முகம் சற்று வாடியது. எனினும் அவர் அளவு கொடுத்துவிட்டுத்தான் போனார். தீபாவளிக்கு இரண்டு நாளுக்கு முன்பு வந்து, சட்டையை அணிந்து பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தார். மாமா வாய்க்கு வந்தபடி, “அப்படியே தைத்துத் தருகிறேன்” என்று சொல்லியிருந்தால், அதே சட்டை அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். சட்டை மாறவில்லை, சொன்ன சொல்தான் வேறு.

தீபாவளி நெருங்கினால் மாமா புதிய துணிகளை வாங்க மறுத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “முடியாதுன்னு இன்னைக்குச் சொன்னா ஒரு நாள் கோபம். தீபாவளிக்கு முதல் நாள் சொன்னா ஆயுசுக்கும் கோபம்” என்றார். கல்வியியல் படித்த காலத்தில் எதிர்பார்ப்பைப் பற்றிப் பல நூல்களில் வாசித்திருக்கிறேன். ஆனால், மாமாவின் இந்த இரண்டு வரிகள்தாம் எனக்கு உடனே நினைவுக்கு வருகின்றன.

இனி ‘2.0’ படத்துக்கு வருவோம். அது முதலில் 2017 தீபாவளிக்கு வெளிவரும் எனக் கூறப்பட்டது. பின்னர் 2018 ஜனவரி என்றும், அதன்பின் ஏப்ரல் என்றும் நாள் தள்ளிப்போனது. இறுதியில் 2018 நவம்பர் 29ஆம் நாள்தான் படம் திரைக்கு வந்தது. ஆனால், பாடல் வெளியீட்டு விழா 2017 அக்டோபரிலேயே துபாயில் நடந்து முடிந்துவிட்டது. பாட்டு முந்திவிட்டது, படமோ ஓராண்டுக்கும் மேல் கழித்துப் பிந்தி வந்தது. முப்பரிமாணத்திலேயே படம் பிடிக்கப்பட்டதாலும், கணினி வரைகலைக் காட்சிகள் மிகுதியாக இருந்ததாலும் வேலை நீண்டது. அரைகுறையாகக் கொடுப்பதைவிடத் தாமதமாகக் கொடுப்பதே நல்லது என்பது படக்குழுவின் முடிவு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்திலும் காத்திருப்பவரின் கற்பனை சும்மா இருப்பதில்லை. அது தன் விருப்பத்துக்கு ஒரு படத்தைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அத்துடன், இரண்டு படங்களுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2010இல் நம்மை வியப்பில் ஆழ்த்திய காட்சிகளை அளந்த அதே அளவுகோல் 2018இல் நம் கையில் இல்லை. ‘பாகுபலி’யின் இரண்டு பாகங்களையும் நாம் பார்த்துவிட்டோம். ஹாலிவுட்டின் சூப்பர் ஹீரோ படங்களும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன. இன்னொன்றும் உண்டு. முதல் பாகத்தின் நல்ல காட்சிகளை மட்டும் நம் நினைவு பத்திரமாக வைத்துக்கொள்கிறது. சலிப்பூட்டியவற்றை மெல்ல உதிர்த்துவிடுகிறது. ஆகவே, இரண்டாம் பாகம் போட்டியிடுவது முதல் பாகத்தோடு அன்று. முதல் பாகத்தைப் பற்றிய நம் இனிய நினைவோடுதான்.

அப்படியானால், படம் எடுப்பவர்கள் இந்த எதிர்பார்ப்பை எவ்வாறு கையாள்கிறார்கள்? ‘பாகுபலி’யை எண்ணிப் பாருங்கள். 2015 ஜூலையில் வந்த முதல் பாகம், கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்ற ஒரே கேள்வியோடு முடிந்தது. சிதறிக் கிடந்திருக்க வேண்டிய எதிர்பார்ப்பை இயக்குநர் ராஜமௌலி ஒரு புள்ளியில் குவித்துவிட்டார். 2017 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொன்னது. கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது என்ற நிறைவு பார்வையாளருக்கு ஏற்பட்டது.

‘அவெஞ்சர்ஸ்’ வரிசைப் படங்கள் வேறு வழியை நாடின. 2018இல் வந்த ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தின் முன்னோட்டத்தில், பச்சை நிற ஹல்க் மற்ற நாயகர்களோடு போர்க்களத்தில் ஓடிவருவதைக் காட்டினார்கள். படத்திலோ அந்தக் காட்சி இல்லை. கதையின் இரகசியத்தைக் காக்கச் செய்த தந்திரம் அது. ஆனாலும், முன்னோட்டத்தில் கண்டதைப் படத்தில் தேடியவர்களும் உண்டு. அடுத்து 2019இல் ‘எண்ட்கேம்’ வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் இரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். பார்த்தவர்கள் கதையை வெளியே சொல்ல வேண்டா என்பது அவர்களின் வேண்டுகோள். எதிர்பார்ப்பைக் காக்கும் பொறுப்பில் இரசிகரையும் கூட்டாளியாக்கிய முயற்சி இது.

படைப்பாளிக்கு ஒரு பொறுப்பு இருப்பதுபோல் பார்வையாளருக்கும் ஒன்று உண்டு. ‘2.0’ வந்தபோது என் அக்காள் மகன் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தான். ‘எந்திரன்’ படத்தைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்து வளர்ந்தவன் அவன். திரையரங்கிலிருந்து வெளியே வந்ததும், “எந்திரன் மாதிரி இல்லையே, சின்னம்மா” என்று குறைப்பட்டுக்கொண்டான். நான் அவனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். நடுவில் ஒரு கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம், படக்குழு தருவதாகச் சொன்னவை. வலப்பக்கம், அவனாக நினைத்துக்கொண்டவை.

இடப்பக்கத்தில் முப்பரிமாணக் காட்சி, கைப்பேசிகளால் ஆன மாபெரும் பறவை, சிட்டியின் மறுவருகை, வில்லனாக அக்‌ஷய் குமார் என எழுதினான். வலப்பக்கத்தில் சிட்டியின் குறும்பு, கொசுவோடு பேசுவது போன்ற வேடிக்கை, இன்னோர் இரயில் சண்டை, நிறையப் பாட்டு என்று எழுதினான். எழுதி முடித்துவிட்டு அவனே சிரித்தான். இடப்பக்கத்தில் இருந்தவை யாவும் படத்தில் இருந்தன. வலப்பக்கத்தில் இருந்தவற்றைத் தருவதாக யாரும் சொல்லவில்லை. இருந்தும், “கதையில கலகலப்பு குறைவுதான்” என்ற கருத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அது அவன் உரிமை. தாளில் கோடு போட்டது அவன் கருத்தை மாற்றுவதற்காக அன்று. எது படத்தின் குறை, எது தன் கற்பனை எடுத்த வேறொரு படம் என்று பிரித்தறிந்த பின் சொல்லும் கருத்துக்கு வலிமை அதிகம்.

இந்தத் தாள் முறை எனக்குத் திரைப்படங்களிலிருந்து வந்ததன்று. நான் எங்கள் வீட்டின் இரண்டாம் பிள்ளை. அக்காள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், கணிதத்தில் புலி. அவர் படித்த அதே இடைநிலைப்பள்ளியில் நான் சேர்ந்தபோது, முதல் நாளே ஆசிரியர் ஒருவர், “அவருடைய தங்கையா? அப்படியானால் கவலையே இல்லை” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் இன்னும் ஒரு கணக்கைக்கூடப் போட்டிருக்கவில்லை. அதற்குள் எனக்கு ஒரு முன்னோட்டம் வெளியாகிவிட்டது. அதில் இருந்தவரோ என் அக்காள்.

நான்காம் படிவம்வரை அந்தச் சுமையோடு நடந்தேன். கணிதத்தில் 65 புள்ளிகள் எடுத்து வீட்டுக்கு வந்தால், யாரும் திட்டமாட்டார்கள். அந்த அமைதிதான் வலிக்கும். ஐந்தாம் படிவத் தொடக்கத்தில் ஓர் இரவு அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினேன். அதில் அவர் என்னிடம் எதிர்பார்ப்பவை ஒரு பக்கமும், என்னால் உறுதியாகத் தர முடிந்தவை மறுபக்கமும் இருந்தன. “அப்பா, கணிதத்தில் 70 வாங்குவேன். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் உட்காருவேன். தமிழில் படிவத்திலேயே முதலாவதாக வருவேன். அக்காள் மாதிரி வருவேன் என்று மட்டும் சொல்ல முடியாது” என்றேன். அப்பா தாளை நெடுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 72 வந்தது. தமிழில் முதலிடம். அப்பா சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, “ரெண்டு கூடுதலா இருக்கு” என்றார். அதற்கு முன்பு என் புள்ளியைப் பார்த்து அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். எதிர்பார்ப்பைக் கையாள்வது என்பது, குறைவாகச் சொல்லி எளிதில் தப்பித்துக்கொள்வது அன்று. மாமா தம்மால் தைக்க முடிந்ததைச் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. “கச்சிதமா உக்காரும்” என்று அழுத்தமாகவே சொன்னார். பிறகு அதற்காக இரவெல்லாம் உழைத்தார். முடிந்ததை முழுமையாகச் சொல்வதும், முடியாததை முன்கூட்டியே சொல்வதும், சொன்னதைச் செய்து முடிப்பதும் ஒன்றாகச் சேர வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை வெறும் விளம்பரமாகிவிடும்.

உங்களில் சிலர் புகழ்பெற்ற அண்ணனுக்குத் தம்பியாக இருக்கலாம், சென்ற ஆண்டு கோப்பை வென்ற கழகத்தின் புதிய தலைவராக இருக்கலாம், தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்ற அக்காளின் தங்கையாக இருக்கலாம். நீங்கள் எல்லாரும் ஏதோ ஒன்றின் இரண்டாம் பாகம். உங்களைப் பற்றிய முன்னோட்டத்தைப் பிறர் வெளியிடும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, நீங்களே எழுதிக் கொடுங்கள்.