நிமிர்ந்து பார்க்காத ஸ்டேஷன்

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு பஸ், அங்கிருந்து பீச் போகும் ரயில். துறைமுக வேலைக்கு அப்பா 30 வருஷம் இப்படித்தான் போனார், இறங்குவது ராயபுரம். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. எங்கள் ஆவடி வழியாகத்தான்! 1873இல் சென்ட்ரல் வந்ததும் மவுசு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் பழையது ராயபுரம்தான். பெரிய பெரிய தூண்கள். போன மாதம் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்படியா? நான் ஒரு நாளும் நிமிர்ந்து பாக்கலையேப்பா. ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிடும்னு ஓடுவேன்" என்றார்.

முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அவரால் ரயில் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டோ பேசியிருக்கிறேன்.