நகர மறுத்த சந்தைக்கு நன்றி

பிலடெல்பியா நகரின் ரெடிங் டெர்மினல் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அனைவருக்கும், உங்களுக்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர்களின் நினைவுக்கும்,



மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த நாட்களில் உங்கள் சந்தைக்குத் துணிப்பையோடு வந்துபோன சென்னைப் பெண் நான். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்க்கும் உங்களுக்கு என் முகம் நினைவிருக்க வழியில்லை. உங்களை நான் மறக்கவில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக, போகச் சொன்ன ஒவ்வொரு முறையும் இருந்த இடத்தைவிட்டுப் போகாமல் நின்றதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் ஒரு காலத்தில் சந்தை என்பது நடுத்தெருவில் நீளமாகப் போட்ட கொட்டகைகள்தான். அதனால்தான் அந்தப் பெருந்தெருவுக்கே மார்க்கெட் தெரு என்று பெயர் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகரம் பெருத்து, வண்டிகள் கூடி, தெருச் சந்தை இடைஞ்சலாகத் தெரிய ஆரம்பித்தது. 1859-இல் கொட்டகைகள் அகற்றப்பட்டன. விவசாயிகளும் கறிக்கடைக்காரர்களும் பன்னிரண்டாம் தெரு முனையில் கட்டடங்களுக்குள் குடியேறினார்கள். அங்கே நிலைகொண்டு முப்பது ஆண்டு ஆவதற்குள், பிலடெல்பியா அண்ட் ரெடிங் ரயில்வே வந்தது. தன் பெரிய நிலையத்தைக் கட்ட அதற்கு அதே இடம் வேண்டியிருந்தது.

ரயில்வே அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய சக்தி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரிச் சுரங்கங்களையும் இருப்புப்பாதைகளையும் கையில் வைத்திருந்த நிறுவனம் அது. எதிரில் நின்றவர்கள் முட்டைக்கோசும் வெண்ணெயும் விற்றவர்கள். ஒரு முறை கிளப்பப்பட்டவர்கள் இன்னொரு முறை கிளம்ப மறுத்தார்கள். கடைசியில் ரயில்வேதான் வழி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தண்டவாளங்கள் மாடிக்குப் போயின; சந்தை கீழே தரைத்தளத்தில் நின்றது. 1893-இல் நிலையம் திறந்தபோது, தலைக்கு மேல் நீராவி எஞ்சின்கள் வந்து நிற்க, அடியில் உங்கள் முன்னோர் மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிடிவாதமாக நின்றதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. மேலே ஓடிய ரயிலைத் தங்கள் தொழிலுக்குத் துணையாக்கிக்கொண்டார்கள். புறநகரில் இருந்த குடும்பத் தலைவி சாமானுக்குச் சொல்லியனுப்பினால், கூடையில் நிரப்பி அவள் ஊருக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அவள் தன் ஊர் நிலையத்தில் போய் எடுத்துக்கொள்வாள். சந்தைக்கு அடியில் 52 அறைகள் கொண்ட குளிர்க் கிடங்கு இருந்தது. இறைச்சியும் பழமும் மட்டுமின்றி, மருத்துவமனைகளின் மருந்துகளும் பீர் தயாரிப்பவர்களின் ஹாப்ஸ் பூக்களும் அங்கே பத்திரமாக இருந்தன. நகரத்துக்கே உக்கிராண அறையாக இருந்த இடம் அது.

பிறகு வந்த கெட்ட காலத்தையும் நீங்கள் தாண்டினீர்கள். 1971-இல் ரெடிங் நிறுவனம் திவாலானது. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1984 நவம்பரில் கடைசி ரயில் போயிற்று. புறநகர் ரயில்கள் புதிய சுரங்கப்பாதைக்கு மாறின. அடுத்து மாநாட்டு மையம் வரப்போகிறது என்றபோது, சந்தை என்னவாகும் என்ற கேள்வி மறுபடி எழுந்தது. ஊர் மக்கள் உங்களுக்காகப் பேசினார்கள். நீங்களும் கடையைத் திறப்பதை நிறுத்தவில்லை. இன்று மாடியில் ரயில்கள் வந்து நின்ற கூடம் மாநாட்டு மையத்தின் பெரிய மண்டபமாகிவிட்டது. சந்தையை லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. ரயிலுக்காக இடத்தைவிட்டு எழுந்திருக்கச் சொன்னார்கள். ரயில் போய்விட்டது, நீங்கள் இருக்கிறீர்கள்.

இது சென்னைக்காரியான என்னை ஏன் இத்தனை தொட்டது என்று சொல்கிறேன். எங்கள் ஊர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் என்றொரு சிவப்புக் கட்டடம் இருந்தது. 1900-இல் திறந்தது. காய்கறியும் கறியும் பழைய புத்தகமும் கிளியும் புறாவும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. 1985-இல் அது தீயில் எரிந்துபோயிற்று. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ரயில்வே பலகையில் மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. அந்த நடைமேடையில் எத்தனையோ முறை வண்டிக்குக் காத்திருந்தவள், பழைய ரயில் நிலையத்துக்கு அடியில் ஒரு சந்தை உயிரோடு இருப்பதைப் பார்த்தால் சும்மா கடந்துவிட முடியுமா?

வெளியூரில் இருப்பவளுக்கு உங்கள் சந்தை என்ன தந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் வீட்டருகே இருந்த பெரிய கடையில் மீன் என்றால் தோலுரித்து, முள்ளெடுத்து, பிளாஸ்டிக் தாளுக்குள் படுத்திருக்கும் வெள்ளைத் துண்டு. அது எந்த மீன் என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துத்தான் அறிய வேண்டும். உங்கள் மீன்கடையில் பனிக்கட்டி மேல் முழு மீன்கள் கண் திறந்து கிடந்தன. செவுளைப் பார்க்க வேண்டும் என்று கையால்தான் காட்டினேன். கடைக்காரர் உடனே மீனைத் தூக்கி, செவுளை விரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. தலையைத் தனியே தரட்டுமா என்று கேட்டார். குழம்புக்குத் தலைதானே முக்கியம்! மீனை வாங்கத் தெரிந்தவளுக்கு மீனை விற்கத் தெரிந்தவர் தரும் மரியாதை அது. அதன் பிறகு அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

லங்காஸ்டர் பகுதியிலிருந்து வரும் ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பத்தாருக்குத் தனியாக ஒரு நன்றி. ரயில் நிறுவனம் திவாலாகி, சந்தை இளைத்துக் கிடந்த காலத்தில் வந்து, அதற்குத் தெம்பு கொடுத்தவர்கள் நீங்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத நீங்கள், அத்தனை தூரத்திலிருந்து விடியற்காலையில் வந்துசேர்ந்து அடுப்பு மூட்டுகிறீர்கள். வெள்ளைக் குல்லாய் அணிந்த பெண்கள் மாவை நீளமாக உருட்டி, கண் இமைக்கும் நேரத்தில் முறுக்கி, சுட்டெடுத்து, வெண்ணெய் தடவித் தரும் பிரெட்சலை நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். கரும்புப் பாகு ஊற்றிச் செய்யும் ஷூஃப்ளை பை என்ற இனிப்பை ஒரு வாய் வைத்ததும் வெல்லத்தின் உறவு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடி வழிபாட்டுக்குப் போய்விடுகிறீர்கள். ஒரு நாள் வியாபாரத்தைவிட உங்களுக்குப் பெரியது ஒன்று இருக்கிறது என்பதும் எனக்குப் பிடித்தது.

1861-இல் தொடங்கிய பாசெட்ஸ் ஐஸ்கிரீம் குடும்பம், சந்தை திறந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது. அவர்களுக்குச் சற்றுத் தள்ளி இத்தாலிய முறைப் பன்றிக்கறி சாண்ட்விச், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் காலர்ட் கீரையும் வறுத்த கோழியும், ஆசியக் கடைகள். மதியத்தில் எல்லாரும் வந்து பொது மேசைகளில் இடம் தேடுகிறார்கள். கோட்டு அணிந்த அலுவலகக்காரரும் கட்டட வேலை செய்பவரும் தட்டுகளை நகர்த்தி ஒருவருக்கொருவர் இடம் விடுவதை அங்கே பார்த்தேன். எனக்கும் ஒரு பாட்டி இடம் விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னமும் பச்சைப் பொருள் விற்பதற்கு நன்றி. புகழ்பெற்ற பழைய சந்தைகளுக்கு இப்போது வரும் ஆபத்து வேறு. யாரும் இடிக்க வர மாட்டார்கள், பயணிகள் வருவார்கள். கூட்டம் சேர்ந்தால் கத்தரிக்காய் விற்பதைவிடச் சாண்ட்விச் விற்பதில் காசு அதிகம். ஒவ்வொரு கடையாக மாறி, ஒரு நாள் சந்தை முழுவதும் சாப்பாட்டுக் கூடமாகிவிடும். சுவர் நிற்கும், பெயர் நிற்கும், சமைக்கிறவர்கள் வருவதற்குக் காரணம் இருக்காது. உங்களிடம் இருக்கும் 75-க்கு மேற்பட்ட கடைகளில் இன்னும் கறிக்கடை, மீன்கடை, காய்கடை, பாலாடைக்கட்டிக் கடை இருக்கின்றன. அரசின் உணவு உதவி அட்டையோடு வருகிறவரும், மாநாட்டுக்கு வந்த பணக்காரரும் ஒரே தக்காளிக் குவியலிலிருந்து பொறுக்குகிறார்கள். இதைக் காப்பாற்றுவது ரயில்வேயிடமிருந்து இடத்தைக் காப்பாற்றியதைவிடக் கடினமான வேலை. தினமும் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளைப் பார்க்கவோ, ஊர் சுற்றவோ எங்கே போனாலும் அங்குள்ள பழைய சந்தைக்குப் போங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கால் கிலோ காயாவது வாங்கி, தங்கிய வீட்டில் சமையுங்கள். சந்தையை நிலைக்கச் செய்வது வாங்குகிறவர்தான்.

அடுத்த முறை வரும்போது அதே மீன்கடைக்குத்தான் முதலில் வருவேன். தலையைத் தனியாக எடுத்து வையுங்கள்.


சென்னையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்