வாட்ச்மேன் எண்ணாத மாடிகள்

தீபாவளி ஜவுளி எடுக்க வீ.கே.புதூரிலிருந்து ஒரு குடும்பம் தென்காசிக்கு பஸ் ஏறுகிறது என்று வையுங்கள். கடை வாசலில் வாட்ச்மேன் வணக்கம் வைத்து உள்ளே விடுவார். அப்புறம் சேலைக்கு ஒரு மாடி, சட்டைக்கு ஒரு மாடி என்று அரை நாள் சுற்றினாலும் அவர் கணக்கில் அது ஒரே வருகைதான். இன்றைய பல இணையதளங்களின் கதையும் இதுதான்!

பழைய தளங்களில் சுட்டியைத் தட்டினால் புதுப்பக்கம் முழுசாக வந்து இறங்கும். 2005 நவம்பரில் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் அதை வைத்துத்தான் எண்ணியது. ஆனால் 2004-லேயே ஜிமெயில் வேறு வழி காட்டிவிட்டது. பக்கம் ஒன்றே, உள்ளே இருப்பதை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் மாற்றிக்கொண்டிருக்கும். 2011-ல் மத்தளம்பாறைக்கு வந்த ஜோஹோவின் மென்பொருள்கள் பலவும் இந்த ரகம்தான். பயன்படுத்துபவருக்கு சுகம், எண்ணுபவருக்குத் தலைவலி.

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி வியாபாரி இப்படி ஒரு தளம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒருவர் வந்து தக்காளி விலை, சின்ன வெங்காயம் விலை எல்லாம் இருபது நிமிஷம் பார்க்கிறார். ரிப்போர்ட்டோ 'ஒரு பக்கம் பார்த்தார், போய்விட்டார்' என்கிறது. இதை நம்பி விளம்பரத்தை நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு?

தீர்வு இல்லாமல் இல்லை. 'புஷ்ஸ்டேட்' என்ற வசதி, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே முகவரியை மாற்றும். அந்த மாற்றத்தைக் கவனித்து ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு போட்டால் போதும். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இதைத் தானாகவே செய்யும். அது தெரியாமல் நிரல் எழுதுபவரும் தன் பங்குக்கு ஒரு பதிவு அனுப்பினால், ஒரு வருகை இரண்டாகிவிடும். இரட்டைப் பதிவு முறை பி.காம். வகுப்போடு நிற்பதே நல்லது :)

இன்னொரு வில்லங்கமும் உண்டு. முகவரி மாறிய பிறகு தலைப்பு கொஞ்சம் தாமதமாக மாறினால், தக்காளியைப் பார்த்தவர் வெங்காயத்தின் தலைப்பில் பதிவாவார். மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். தப்பான பேரேட்டில் எழுதினாலும் இருப்பாய்வு டேலி ஆகுமே, அதே மாதிரி. அதனால்தான் இந்தத் தப்பு லேசில் கண்ணில் படாது.

சோதிப்பது சுலபம். முகப்பைத் திறந்து, மூன்று இடம் போய், ஒரு தடவை 'பேக்' அமுக்க வேண்டும். ஐந்து பதிவு, ஐந்துக்கும் அதனதன் தலைப்பு. ஒன்று வந்தால் வாட்ச்மேன் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். பத்து வந்தால் இரண்டு பேர் எண்ணுகிறார்கள்.