கப்பல் வருது

எங்கள் ஊர் கப்பலூர். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது. நாலுவழிச் சாலை, டோல்கேட், அந்த டோல்கேட்டை எதிர்த்து உள்ளூர்க்காரர்கள் நடத்தும் தீராத போராட்டம், சிட்கோ, அதைத் தாண்டினால் கருவேலங்காடு. காலேஜில் சேர்ந்த முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "பாத்தாலே தெரியுது" என்றான். மூன்று வருடம் அதுதான் என் பெயர். கேன்டீனுக்குள் நுழைந்தால் "கப்பல் வருது, வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல் வரும். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள் என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு இருபத்தேழு வயது, 91 கிலோ. சிட்கோவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஷேர் ஆட்டோவில் நான் ஏறும்போது உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அது எனக்குக் கேட்கும். டவுன் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன். போட்டோ எடுக்கும்போது பின் வரிசை, அல்லது யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்வது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், போகும்போது அந்த அம்மா வாசலில் வைத்து, "தைராய்டு பாத்தீங்களா?" என்று கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, என் அம்மாவிடம். வண்டியை எங்கே சர்வீஸ் விட்டீர்கள் என்று விசாரிக்கிற மாதிரி.

எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தால் ஒரு பம்புசெட் ஞாபகம் வரும். ஊருக்கு வெளியே சித்தப்பா குத்தகைக்குப் பார்த்த வயலில் இருந்தது. லீவு நாளில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்தத் தொட்டியில் விழுந்து கிடப்போம். குழாயிலிருந்து தண்ணி வந்து முதுகில் அறையும். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒருநாள் அப்பத்தா வரப்பில் நின்று என்னை மட்டும் கூப்பிட்டது. "போதும் தாயி. ஒனக்கு ஒடம்பு வந்துருச்சு. இனிமே வீட்டுலயே குளி." அப்போதும் நான் குண்டுதான், ஆனால் அதுவரை அது எனக்குத் தெரியாது. ஒடம்பு வந்துவிட்டது என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

உடம்பை நேசியுங்கள் என்று சொல்கிற ரீல்ஸ் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு கடற்கரை, ஏதோ ஒரு பெண், நீச்சல் உடை, சூரிய அஸ்தமனம், "உங்களை நீங்களே காதலியுங்கள்". அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட முப்பது கிலோ குறைவு. அப்புறம், காதல் என்கிறது பெரிய வார்த்தை. எனக்கு என் உடம்போடு ஒரு சமாதான ஒப்பந்தம் கிடைத்தாலே போதும் என்றிருந்தது.

கடலுக்குப் போகவேண்டும், தனியாகப் போகவேண்டும் என்று தோன்றியது போன வருடம். தெரிந்தவர் கண் எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் காரணம். கோவா என்று சொல்லியிருந்தால் வீட்டில் கொலை விழுந்திருக்கும். ராமேஸ்வரம் என்றேன். அம்மா உண்டியலுக்குப் பதினொரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தது. யாரோடு போகிறாய் என்று கேட்டபோது காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தியின் பெயரைச் சொன்னேன். பொய்.

மதுரையிலிருந்து காலை ரயில். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகிறது. பாலம் வந்ததும் பெட்டியில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் ஏற்கெனவே ஜன்னலோரம். எழுந்து இடம் கொடுக்கத்தான் உடம்பு பழகியிருக்கிறது. பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். 1914-ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே துருவோடு நின்றது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரயில் ஊர்ந்து போகிறது. பயணத்தில் நான் செய்த முதல் வீரச்செயல் அந்த ஜன்னலை விடாததுதான்.

இரண்டாவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் போன லாட்ஜில், "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஏன் என்று கேட்டேன். "ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றார். அடுத்த இடத்தில் ஆதாரை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். சாவி கிடைத்தது. நம் ஊரில் ஒரு பெண் தனியாகச் செய்யக்கூடிய பயணம் ஒன்று உண்டென்றால் அது சாமி பெயரில்தான். அதிலும் எல்லா லாட்ஜுக்கும் சாமி ஒன்றில்லை.

அன்று சாயங்காலம் அக்னி தீர்த்தம் போனேன். கோயிலுக்குக் கிழக்கே, கடலுக்கே அந்தப் பெயர். அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கிறது. இது பாக் நீரிணைப் பக்கம். உள்ளூரில் இதைப் பெண்கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், அது சத்தம் போடும். அடங்கிக் கிடந்தால் பெண் என்று யார் முடிவு பண்ணினார்களோ. வடகிழக்குப் பருவம் வந்தால் இந்தப் பெண்கடல்தான் கொந்தளிக்கும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதும் அந்த மாதப் புயல்தான். படியில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்தேன். சுடிதாரைக் கணுக்கால்வரை தூக்கி, காலை நனைத்துவிட்டு ரூமுக்கு வந்துவிட்டேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் பஸ் பிடித்துப் பாம்பன் போனேன். சின்னப்பாலம் என்ற மீனவக் கிராமம் பற்றிப் படித்திருந்தேன். 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்த லட்சுமி மூர்த்தியின் ஊர் அது. அவர் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பவர். அந்தக் கடலோர ஊர்களில் எத்தனையோ பெண்களுக்கு இதுதான் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று வகை இருக்கிறது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக வைப்பதிலிருந்து மருந்துவரை அதிலிருந்து எடுக்கும் சரக்கு போகிறது. இதை எடுக்கப் பெண்கள் மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறார்கள், சேலையோடு. ஆண்கடல் பக்கம்.

நான் போனபோது ஒரு படகு வந்து சேர்ந்திருந்தது. நாலைந்து பெண்கள் பாசியைக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிய சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய துணி, தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடி. எல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ஒருத்தருக்கும் அதை இழுத்துவிடக் கை போகவில்லை. நான் நின்ற பத்து நிமிடத்தில் என் துப்பட்டாவை எத்தனை தடவை சரிசெய்தேன் என்று எனக்கே தெரியும்.

"எந்த ஊரு தாயி?" என்றார் ஒரு அக்கா. ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"கப்பலூருக்கா. மதுரைக்குப் பக்கம்."

"அங்கிட்டு ஏது கப்பலு?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி. எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"குளிச்சியா கடல்ல?"

இல்லை, நீச்சல் தெரியாது என்றேன். அவர் என்னைக் கால் முதல் தலைவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஒனக்கென்ன, நல்லா மெதக்குமே. இந்தா இவளப் பாரு, எலும்பு. சடக்குனு கீழ போயிருவா, பாசிக்கு அது தோது. சதப்பத்துள்ள ஒடம்பு கீழ போகாது, தண்ணியே தூக்கி விட்டுரும். தலைய பின்னால சாச்சு, காதுல தண்ணி போனா போகுதுன்னு விட்டுறணும். அம்புட்டுதான்."

சொல்லிவிட்டுப் பாசியில் ஒட்டியிருந்த சிப்பியைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். ஆறுதல் சொல்கிற தொனி இல்லை. இந்தக் கட்டை படகுக்கு ஆகும், அது அடுப்புக்கு ஆகும் என்கிற மாதிரி ஒரு கணக்கு. டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார், தையல்காரர் கூட அரை மீட்டர் கேட்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் கொள்ளு குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த உடம்பு எதற்கு நல்லது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் விடியும் முன்னால் அக்னி தீர்த்தம் போனேன். நைட்டிமேல் துண்டு போர்த்தியிருந்தேன். இருட்டோடு இறங்கி இருட்டோடு ஏறிவிடலாம் என்று திட்டம். ஆனால் அங்கே எனக்கு முன்னாலேயே கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்த பஸ்களிலிருந்து இறங்கிய பெண்கள். இந்தி பேசியவர்கள், தெலுங்கு பேசியவர்கள், எங்கள் பக்கத்துக் குரல்கள். தொங்கிய வயிறு, பிரசவக் கோடு, ஆபரேஷன் தழும்பு, நரம்பு புடைத்த கால், ஜாக்கெட் போடாத ஒரு பாட்டி. எல்லோரும் நனைந்து, எல்லாம் தெரிய, சளசளவென்று பேசிக்கொண்டு. ரீல்ஸில் நான் தேடிக்கொண்டிருந்த கடற்கரை இங்கே தினமும் காலையில் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அவர்கள் பாவம் போக்க வந்தவர்கள்.

இறங்கினேன். தண்ணீர் சுத்தமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாரோ கழற்றிவிட்ட வேட்டி ஒன்று காலைச் சுற்றியது, பூமாலை மிதந்தது. இடுப்பளவு வந்ததும் நைட்டி குடைமாதிரி விரிந்து மேலே வந்தது. பதறி அமுக்கினேன். பக்கத்தில் நின்ற பாட்டி, "முடிச்சுப் போட்டுக்க" என்று தானே குனிந்து முட்டிக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டது. பேத்திக்குச் செய்வதுபோல. அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்தேன். காதில் தண்ணி போனது. முதல் தடவை பயந்து எழுந்துவிட்டேன், இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை கால் தானாகத் தரையை விட்டது.

மிதந்தேன். காதுக்குள் கடல், வெளியே சத்தம் எதுவும் இல்லை. பதினாறு வருடமாகத் தூக்கிச் சுமந்ததைத் தண்ணீர் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டது. வயிறு வானத்தைப் பார்த்துக்கொண்டு மேலே நின்றது. அதை உள்ளே இழுக்க மறந்துபோயிருந்தேன்.

அது அப்படியே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து பார்த்தபோது படியில் ஒருத்தன் போனை எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றான். சூரிய உதயத்தை எடுக்கிறான் என்று சொல்லலாம், ஆனால் சூரியன் வேறு பக்கம் இருந்தது. உடனே கழுத்துவரை தண்ணிக்குள் போய்விட்டேன். முடிச்சுப் போட்ட பாட்டி அப்படியே, நனைந்த ஒற்றைச் சேலையோடு, படியேறி அவன் முன்னால் போய் நின்றது. "என்னாத்தடா எடுக்குற? எடு. கிட்டக்க வந்துட்டேன், நல்லா எடு." அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். பாட்டி திரும்பி வந்து மறுபடி முங்கியது. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, இன்றைக்கும் வருமா என்று தெரியாது. ஆனால் வெளியே வரும்போது துண்டைத் தேடாமல் நடந்து வந்தேன்.

கரையில் பெண்கள் உடை மாற்றுவதைப் பார்த்தேன். பாவாடையின் ஒரு நுனி பல்லில், உள்ளே ஈரத்துணி கீழே விழுகிறது, மேலே காய்ந்த துணி ஏறுகிறது, ஒரு அங்குலம் வெளியே தெரியவில்லை, நடுவில் பேச்சும் நிற்கவில்லை. எனக்கு அந்த வித்தை வராது. ஈரத்தோடேயே கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளிலும் வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டேன். தண்ணி முதுகில் அறைந்தபோது பம்புசெட் ஞாபகம் வந்தது. நெரிசலில் எல்லா ஈர உடம்பும் இடித்துக்கொண்டு போனது. யாரும் பெருமூச்சு விடவில்லை. அம்மாவின் பதினொரு ரூபாயை உண்டியலில் போட்டேன்.

திரும்பும் ரயிலில் பரமக்குடியில் நாலு காலேஜ் பையன்கள் ஏறினார்கள். கை தானாகத் துப்பட்டாவை இழுத்துவிட்டது. இழுத்ததைக் கவனித்தேன், அப்படியே விட்டேன். இடம் மட்டும் மாறவில்லை.

வீட்டில் அம்மா துணியை அலசும்போது நைட்டியை உதறிப் பார்த்தது. மடிப்பிலிருந்து மண் கொட்டியது.

"கடல்ல எறங்குனியா?"

"ம்."

"எது வரைக்கும்?"

"இடுப்பு வரைக்கும். மெதந்தேன்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க தாத்தாவுக்குத் திதி குடுக்கப் போனப்ப நானும் வந்தேன். மாமா, சித்தப்பா எல்லாம் நின்னாங்க. தலையில தெளிச்சுக்கிட்டு வந்துட்டேன்" என்றது. நைட்டியைப் பிழிந்தது. "அவ வந்தாளா, ஒன் ஃபிரெண்டு?"

"இல்லம்மா. தனியாத்தான் போனேன்."

திட்டு வரும் என்று காத்திருந்தேன். அம்மா கொடியில் நைட்டியைப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டியது.

"ரெண்டு பேருன்னா ரூம் குடுப்பாங்கல்ல?" என்றது.