கொட்டகை ஹெரால்டு: சில குறிப்புகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969. மூன்றாவது ஓனர் பெரியப்பா. நான்காவது நான்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கீற்றுக் கொட்டகை அப்படியே வண்டிமேல் உட்கார்ந்துவிட்டது. அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள். கீற்றை விலக்கிப் பார்த்தால் கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

பின் சீட்டு முழுக்க வைக்கோலும் உமியும். எலி வேலை. சம்பா அறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு அடுக்கு சேர்ந்திருக்கிறது.

வயர் ஒன்றுகூட மிச்சமில்லை. ஹாரன் வயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

வெளியே இழுத்தவர் ஒரு டிராக்டர்காரர். சர்க்கரை ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுக் காலி டிப்பரோடு திரும்பியவர். கயிறும் அவருடையதே. காசு வாங்கவில்லை. "ஓடுமாண்ணே இது?" என்று மட்டும் கேட்டார்.

நட்டுகளுக்கு ஸ்பேனர் பொருந்தவில்லை. 11 போட்டால் இறங்கவில்லை. 13 போட்டால் வழுக்குகிறது. எல்லாம் இஞ்ச் அளவு. 7/16, 1/2, 9/16.

கார் மெக்கானிக் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். டீ குடித்தார்கள். போய்விட்டார்கள்.

இஞ்ச் ஸ்பேனர் பெட்டி நிறைய வைத்திருப்பவர் புவனகிரி ரோட்டு டிராக்டர் பட்டறைக்காரர். பழைய மாசி ஃபெர்குசன் பார்த்துப் பழகிய கை. "இது நம்ம நட்டு தம்பி" என்றார்.

இங்கிலாந்தில் கோவன்ட்ரி என்ற ஊர். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1946 முதல் 1956 வரை ஃபெர்குசனுக்கு டிராக்டர் செய்து கொடுத்தது. அந்த டிராக்டருக்கும் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கும் ஏறக்குறைய ஒரே என்ஜின்.

பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. அடுத்த நட்டுக்குப் போய்விட்டார்.

ஹெரால்டின் பானட் முன்பக்கமாகத் திறக்கும். மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக மூக்கைக் கவிழ்க்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். இவ்வளவு வசதியாக வேறு எந்தக் காரிலும் நான் வேலை பார்த்ததில்லை.

பாடி ஒரே கூடு கிடையாது. துண்டு துண்டாகச் செய்து சேசிஸ்மேல் போல்ட் போட்டது. இங்கிலாந்தில் கூடு செய்து தந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் சின்னச் சின்ன அச்சுகளில் அடித்துச் சேர்க்கும்படி வடிவமைத்தார்கள். வடிவம் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1959.

அந்தச் சங்கடத்தின் பலன் இன்றைக்கு எனக்கு. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றலாம்.

நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் வந்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். இங்கே பின் சீட்டில் மாமியார், சித்தி, குழந்தைகள். சீட்டை மடக்கி யார் ஏறுவது.

செய்தது சென்னைக்கு வெளியே, வண்டலூர்ப் பக்கம். அம்பாசிடர் வங்காளம். ஃபியட் பம்பாய். நம்முடையது என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருந்தது. 1988-ல் கம்பெனியே நின்றுவிட்டது.

அந்த வருடமும் வீராணம் குழாய்கள் ரோட்டோரம்தான் கிடந்தன. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகச் செய்து, பதிக்காமல் விட்ட சிமெண்டுக் குழாய்கள். ஆள் உள்ளே நடக்கலாம். உள்ளே குடும்பங்கள். சேலைத் திரை, அடுப்புப் புகை. பெரியப்பா ஓட்ட, நான் ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டே போவேன். தண்ணீர் கடைசியில் 2004-ல் போனது. வேறு குழாயில்.

டிங்கர் பாய் காந்தத்தோடு வந்தார். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. வலது பக்கக் கதவின் அடியில் காந்தம் நிற்கவே இல்லை.

தட்டினோம். பட்டிக்குள்ளே செய்தித்தாள். ஓட்டையை அடைக்கத் திணித்தது. சினிமா விளம்பரத்தில் பாதி முகம். யாரென்று பாய்க்கும் தெரியவில்லை.

சுரண்டச் சுரண்ட நிறம். மேலே வெள்ளை. அடியில் சந்தனம். அதற்கும் அடியில், கதவுக் கீல் மறைவில் மட்டும், ஆகாய நீலம்.

எனக்கு இது வெள்ளை வண்டி. பெரியப்பாவுக்கு வாங்கும்போது சந்தனம். நீலத்தைப் பார்த்தவர் யாரும் வீட்டில் இல்லை.

துருவுக்கு மொலாசஸ், சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தால் துரு தானாகக் கழன்று இரும்பு சாம்பல் நிறத்தில் நிற்கும். உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்கள் செய்கிறார்கள்.

சேத்தியாத்தோப்பில் ஆலை இருக்கிறது. காற்று திரும்பினால் வீடு வரை பாகு வாசனை. ஆனால் மொலாசஸைக் குடத்தில் மொண்டு வர முடியாது. சாராயம் காய்ச்சிவிடுவார்கள் என்பதால் 1958-லிருந்து கட்டுப்பாட்டு விதி. பர்மிட் வேண்டும்.

புளியைக் கரைத்து ஊறவைத்தேன். போல்ட்டுகள் சுத்தமாகிவிட்டன. பெரியம்மா பித்தளை விளக்கையும் கொண்டுவந்து அதே வாளியில் போட்டுவிட்டுப் போனார்.

டேங்கில் பழைய பெட்ரோல் கோந்தாகிக் கிடந்தது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பிலிருந்தும் வருகிறது. அது பழைய கோந்தைக் கரைத்துக் கார்புரேட்டருக்குள் கொண்டுபோய்த் தள்ளும். பழைய ரப்பர் ஹோஸை ஊதவைத்துப் பிளக்கும். ஈரத்தை இழுக்கும். டேங்கு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

டேங்கை இறக்கிக் கழுவியாயிற்று. ஹோஸ் அத்தனையும் எத்தனாலுக்குத் தாங்குகிற ரகம். மெயின் ஜெட் ஒரு அளவு பெரிது. மாதக்கணக்கில் பெட்ரோலை நிறுத்திவைப்பதில்லை.

2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை. இந்த ஹெட் வார்ப்பிரும்பு. லேத்தில் கொடுத்துக் கடினமான சீட்டு அடித்தேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

மாற்றியது இன்னொன்று. டைனமோ போய் மாருதி 800 ஆல்டர்னேட்டர். ஹெட்லைட் இப்போது நின்றாலும் மங்காது. கழற்றிய டைனமோவைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

"மாருதி என்ஜினையே வச்சிரு" என்கிறவர்கள் உண்டு. என்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் பதிவு. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். 948 சிசி. அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-லிருந்து தனிப் பதிவு. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். 20,000 ரூபாய், பத்து வருடம். வண்டி பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது.

எனக்குப் பூதங்குடியிலிருந்து லால்பேட்டை வரை வீராணம் ஏரிக்கரை ரோட்டில் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, எப்போது வேண்டுமானாலும். விண்ணப்பம் போடவில்லை.

பங்குனியில் ரோட்டில் உளுந்துச் செடி காயப்போடுவார்கள். போகிற வண்டி மிதித்து உதிர்க்க. தாழ்ந்த வண்டிக்கு ஆபத்து. கொடி அச்சில் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் சூட்டில் பற்றும். பார்த்தால் நிறுத்தி, குனிந்து, கையால் உருவ வேண்டும்.

ஒருமுறை உருவிக்கொண்டிருக்கும்போது, காயப்போட்டிருந்த அம்மா வந்து என் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டார். அதிலும் ஐந்தாறு காய் இருந்தது.

ஹெரால்டின் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை. வளைவில் வேகமாகப் போய் பிரேக் அடித்தால் சக்கரம் உள்ளே மடங்கும். இதே கம்பெனி பின்னால் செய்த கெசல் காரில் இதை மாற்றி ஒரே அச்சாக்கிவிட்டார்கள். நான் மாற்றவில்லை. அணைக்கட்டு வளைவில் மெதுவாகப் போகிறேன்.

முன் சக்கரத்தின் அடியில், இரண்டு பக்கமும், டிரனியன் என்று ஒரு பித்தளைத் துண்டு. சக்கரம் திரும்புவது அதன் மரையில்தான். என் வண்டியில் வருடக்கணக்காக, சர்வீஸ் விட்ட ஒவ்வொரு முறையும், அதற்கு கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் கெட்டியாகி நின்றுவிட்டது. அந்த மரையில் ஓடும் இரும்பு எண்ணெயில்லாமல் காய்ந்து துருவேறி, இடது பக்கம் பாதி அறுந்திருந்தது. முழுசாக அறுந்தால் ஓடும்போதே சக்கரம் படுத்துவிடும்.

பெரியப்பா அந்த வண்டியில்தான் எங்கள் எல்லோரையும் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார்.

யார் வீட்டிலாவது ஹெரால்டோ கெசலோ இருந்தால், ஓடாமல் கொட்டகையில் கிடந்தாலும் சரி, முன் டிரனியனுக்கு கிரீஸ் அடிக்காதீர்கள். 90 நம்பர் கியர் ஆயில். அதே கிரீஸ் கன்னில் ஊற்றி, கீழே வழியும்வரை அடியுங்கள்.